முதல் ஆல்பத்தின் மூச்சு

பாட்டு ஐந்து கட்டை. கையில் இருக்கும் மவுத் ஆர்கனும் ஐந்து கட்டை. ஆனாலும் பாட்டில் வருகிற சத்தம் மவுத் ஆர்கனில் வரவில்லை.

மாரிசாமி இதை மூன்று விதமாகச் சரிபார்த்துவிட்டார். ஃபோனில் தம்பூரா ஆப்பை ஐந்து கட்டையில் வைத்து, அதன்மேல் பாட்டை ஓடவிட்டார். இரண்டும் ஒட்டிக்கொண்டு போயின. மவுத் ஆர்கனின் மூடித் தகட்டில் G என்று பொறித்திருந்தது. வெள்ளைக்காரர்கள் G என்பதைத்தான் நாம் ஐந்து கட்டை என்கிறோம். கடைசியாக, தன் வீட்டில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் பர்வதத்திடமும் கேட்டார்.

"அஞ்சு கட்டையேதான் மாரி. இதுக்கெல்லாம் ஒரு சந்தேகமா?" என்றாள் அவள்.

எல்லாம் சரியாக இருந்தும், ரெக்கார்டில் மவுத் ஆர்கன் வாசிப்பவன் ஸட்ஜத்தைத் தொடும்போது அது அழுதது. கீழே சரிந்து, மறுபடி ஏறி, தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல நின்றது. மாரிசாமி அதே ஸட்ஜத்தை ஊதினால் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி நேராக வந்தது. ரெக்கார்டில் சின்ன நிஷாதம். இவர் கருவியில் தனி ஓட்டையாக இருந்தது பெரிய நிஷாதம்தான். மெதுவாக ஊதினாலும் அதுதான், வேகமாக ஊதினாலும் அதுதான்.

ஒரு மவுத் ஆர்கனில் ஒரு சத்தம் வரவில்லை என்பது சின்ன விஷயம். ஆனால் இந்த ஒரு பாட்டை வாசித்துக் காட்டினால்தான் ராமசுப்ரமணியன் தன் பேண்டில் அவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ராமசுப்ரமணியன் வீட்டு பேஸ்மென்டில் சனிக்கிழமை மதியம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடும். பெண்கள் மேலே கிச்சனில் இருப்பார்கள். ஆண்கள் கீழே இறங்கி ரெக்கார்டு கேட்பார்கள். ராமசுப்ரமணியன் மயிலாப்பூர்க்காரர், ஐம்பத்தேழு வயது, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைரக்டர். அவருடைய பெருமையெல்லாம் ஹாமில்டன் ஊரைச் சேர்ந்த பார்டன் ஸ்ட்ரீட் ப்ளூஸ் பேண்ட் வெளியிட்ட முதல் மூன்று எல்.பி.க்கள். கனடாவில் ப்ளூஸ் என்ற அந்தச் சோக இசையை வாசிப்பவர்களே அரிதாக இருந்த காலத்தில், இரும்பாலைத் தொழிலாளிகள் ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட் அது. முதல் ஆல்பம் 'லாக்கர் ரூம்'. ஸ்டுடியோவுக்கு வசதியில்லாமல், மூடிக்கிடந்த ஒரு ஐஸ் மைதானத்தின் உடை மாற்றும் அறையில், ஒரே மைக்கைச் சுற்றி நின்று பதிவு செய்தது. இரண்டாவது 'கோல் பார்ஜ்', நல்ல ஸ்டுடியோ. மூன்றாவது 'விண்டர் ரேட்ஸ்', அதில் டிரம்பெட்டெல்லாம் உண்டு.

புதிதாக வருகிறவரிடம் ராமசுப்ரமணியன் மூன்றையும் போட்டுக் காட்டிவிட்டு, "எது உன் ஃபேவரைட்?" என்று கேட்பார். அது கேள்வி இல்லை, பரீட்சை. 'கோல் பார்ஜ்' என்று சொன்னால் தேறினீர்கள். 'விண்டர் ரேட்ஸ்' என்றால் பரவாயில்லை, திருத்தலாம். மாரிசாமி மூன்று வருடங்களாகச் சனிக்கிழமைகளில் வந்து மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அந்தக் கேள்வி போன பிப்ரவரியில்தான் வந்தது.

"லாக்கர் ரூம் சார்," என்றார்.

பேஸ்மென்ட் சிரித்தது.

"அதுல அப்படி என்னப்பா இருக்கு? பக்கெட்டுக்குள்ள உக்காந்து பாடின மாதிரி இருக்கும்," என்றார் ட்ரம்ஸ் வாசிக்கும் வாஞ்சிநாதன்.

"இல்ல சார், பக்கத்துல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கு. அந்த மவுத் ஆர்கன்காரர் மூச்சு விடுறதுகூடக் கேக்குது."

"மூச்சு கேக்கணும்னா ஐ.சி.யு.வுக்குப் போ மாரி," என்றார் ராமசுப்ரமணியன். "அப்பறம் அது மவுத் ஆர்கன் இல்ல. ஹார்ப்பு. மவுத் ஆர்கன் உங்க சாத்தூர் பொருட்காட்சில விக்கறது."

மாரிசாமியும் சிரித்தார். கூட்டத்தில் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்பது அவர் அனுபவம். பிறகு தயங்கித் தயங்கி, கோவில்பட்டியில் இன்ஜினியரிங் படிக்கும்போது தானும் சினிமாப் பாட்டெல்லாம் வாசிப்பதுண்டு என்றார்.

ராமசுப்ரமணியன் அவரை ஏறஇறங்கப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தார். உள்ளே மரச்சட்டம் வைத்த ஹார்மோனிகா, G.

"ஜூன்ல டவுன்ஷிப் பார்க்ல கான்சர்ட். எங்க பேண்ட்ல ஹார்ப்புக்கு ஆள் இல்ல. கோல் பார்ஜ்ல ரெண்டாவது பாட்டு, அதே லாக்கர் ரூம்லயும் இருக்கு, உன் ஃபேவரைட். மே கடைசி சனிக்கிழமை, எல்லார் ஃபேமிலி முன்னாடியும் வாசிச்சுக் காட்டு. வந்துட்டா இடம் உனக்கு. வாராவாரம் ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு, நான் கரெக்ட் பண்றேன்."

அன்று கார் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது மாரிசாமி ரூட் 18-இல் தன் எக்ஸிட்டைத் தவறவிட்டார். ஒன்பது வருடங்களாக இந்த ஊரில் எல்லாரும் அவரை "கலாவதி ஹஸ்பண்ட்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். கலாவதியின் சுக்கா வறுவலும் வெள்ளைப் பணியாரமும் அவ்வளவு பிரபலம். இவருக்கென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில், மாத்திரை அடைக்கும் இயந்திரங்கள் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுபவர். "மாரிசாமி, எங்க பேண்ட்ல ஹார்ப் வாசிக்கறார்," என்று யாராவது ஒரு முறை சொன்னால் போதும் என்று இருந்தது.

வாராவாரம் அனுப்பினார். வாராவாரம் பதில் வந்தது.

"ஃபீல் பத்தல." "சோகமா ஊது." "உனக்கு வாழ்க்கைல சோகமே இல்லையா மாரி?" யூட்யூபிலும் தேடிப் பார்த்தார். G ஹார்மோனிகா வாசிப்பது எப்படி என்று தேடினால், குழந்தைப் பாட்டுகளை எப்படி ஊதுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதையெல்லாம் கற்றுக்கொண்டார். கொடுத்த கருவி சரியானதா என்று தேட அவருக்குத் தோன்றவில்லை. சுருதி சேர்கிறதே.

மார்ச் கடைசியில் வாஞ்சிநாதன் ஒரு யோசனை சொன்னார். "வெந்நீர்ல உப்புப் போட்டு ஒரு நாள் ஊற வைங்க. உள்ள இருக்கற பித்தளை ரீடு இளகும்."

மாரிசாமி ராமசுப்ரமணியனைப் பார்த்தார்.

"ஆமா, கனடால அப்படித்தான் பண்ணுவா," என்றார் அவர், முகம் மாறாமல்.

மரம் தண்ணீரில் ஊறினால் உப்பும். ஹார்மோனிகாவின் நடுச்சட்டத்தில் ஓட்டைகளுக்கு இடையே உள்ள மரத் தடுப்புகள் தீக்குச்சி கனம்தான். அவை உப்பித் தகட்டைத் தாண்டி வெளியே நீண்டு, விளிம்புகள் ரம்பம் போல ஆகும். இயந்திரங்களோடு வேலை செய்கிற மாரிசாமிக்கு இது தெரியாதது இல்லை. தெரிந்தும், சொன்னது அவர் என்பதால் செய்தார். கீழுதடு இரண்டு இடத்தில் கிழிந்தது.

அடுத்த சனிக்கிழமை வீங்கிய உதட்டோடு வந்தவரை, கிச்சனில் பெண்கள் நடுவே நிறுத்தினாள் ராமசுப்ரமணியனின் மனைவி பர்வதம்.

"என்ன மாரி இது? கலாவதி கடிச்சுட்டாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். கலாவதி பணியாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கடிக்கிறதா இருந்தா வேற ஆளக் கடிச்சிருப்பேன் மாமி," என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

காரில் அவள் கேட்டாள். "எதுக்குங்க இந்த எளவு? நாற்காலி தூக்கினோமா, சாப்பிட்டோமான்னு வந்தா பத்தாதா?"

"வாசிச்சிட்டா எடம் தர்றேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காருல்ல."

"நீங்க ஊதுறது சங்கு ஊதுற மாதிரி இருக்கு. நானே சொல்றேன்."

"அது எனக்கும் தெரியுது கலா. ஏன்னுதான் தெரியல."

மரத் தடுப்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமன் செய்து, தொடர்ந்து ஊதினார்.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை. ராமசுப்ரமணியன் 'கோல் பார்ஜ்' அட்டையின் படத்தைக் காட்டுவதற்காகத் தன் ஃபோனை பேஸ்மென்ட் டி.வி.யில் இணைத்தார். எண்பத்தைந்து அங்குலத் திரையில் அட்டைப்படம் வந்தது. அதன்மேல் ஒரு வாட்ஸ்அப் செய்தி இறங்கியது. குரூப்பின் பெயர் 'மாரி எஃப்எம்'. செய்தி வாஞ்சிநாதனிடமிருந்து. "இந்த வார எபிசோட் இன்னும் போடலயே சார்? வெய்ட்டிங்."

வாஞ்சிநாதன் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். கையில் ஃபோன். ராமசுப்ரமணியன் அவசரமாக அதைத் தள்ளிவிடப் பார்த்தார், விரல் பட்டு குரூப் திறந்துகொண்டது. மேலிருந்து கீழ்வரை மாரிசாமியின் பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள். கிழிந்த உதட்டின் படமும் இருந்தது, பர்வதம் எடுத்தது. குரூப்பில் முப்பத்தோரு பேர்.

ராமசுப்ரமணியன் டி.வி.யை அணைத்தார்.

"சும்மா ஜோக்குப்பா. ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கோ," என்றார். "நீ வந்துதான் இந்த பேஸ்மென்ட் கொஞ்சம் கலகலன்னு இருக்கு."

மாரிசாமி இந்த முறையும் சிரிக்க முயன்றார். உதடு வலித்தது. நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். டிரைவ்வேயில் வாஞ்சிநாதன் பின்னாலேயே வந்தார்.

"மாரிசாமி, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு சொல்றேன். அந்தப் பாட்டு யாருக்கும் வராது. சார் அதே ஹார்ப்ப வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் ட்ரை பண்ணாரு. வரல. தூக்கிப் போட்டுட்டாரு."

"அப்ப எதுக்கு என்கிட்ட குடுத்தாரு?"

வாஞ்சிநாதன் தன் கார்ச் சாவியைப் பார்த்தார். "உங்களுக்கும் வரலன்னா அவருக்கு ஒரு திருப்திதானே."

வேறு ஒருவராக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். ஆனால் மாரிசாமியின் வேலையே, ஓடாத இயந்திரத்தின் முன் நின்று, ஓடுகிற இயந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிப்பது. இதுவரை அவர் தன்னைத்தான் பழுதென்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கு ஒரே பழுது என்றால், பழுது ஆளில் இல்லை.

திங்கட்கிழமை லஞ்ச் நேரத்தில், கம்பெனி பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டார். 'கோல் பார்ஜ்' இல்லை, 'லாக்கர் ரூம்'. அதே பாட்டு. இந்த முறை அவர் இசையைக் கேட்கவில்லை. இசைக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளைக் கேட்டார். ஸ்டுடியோவில் அந்தச் சத்தங்களையெல்லாம் துடைத்துவிடுவார்கள். உடை மாற்றும் அறையில் துடைக்க யாரும் இல்லை.

வாசிப்பவன் ஒவ்வொரு வரி முடிந்ததும் மூச்சு விட்டான். சத்தம் 'தொப்' என்று இருந்தது.

காற்று வாயிலிருந்து வெளியே வந்தால் மைக்கின் சவ்வில் நேராக மோதும். தொப் என்று கேட்கும். காற்று உள்ளே போனால் மைக்கில் மோத எதுவுமில்லை. மெல்லிய சீறல் மட்டும்தான் கேட்கும். மாரிசாமி தன் ஃபோனை வாயருகே வைத்துத் தானே வாசித்துப் பதிவு செய்தார். ஒரு வரி ஊதினார். மூச்சு தீர்ந்துபோய் உள்ளே இழுத்தார். சீறல். அதைப் போட்டுக் கேட்டார், மறுபடி 'லாக்கர் ரூம்' கேட்டார். தொப். அடுத்த வரி. தொப். பாட்டு முழுக்க ஒரு இடத்தில்கூட அந்த மனிதன் வரி முடிந்து காற்றை உள்ளே வாங்கவில்லை. வெளியேதான் விட்டான்.

நெஞ்சு முழுக்கக் காற்றை அடைத்து வைத்திருப்பவன்தான் அப்படி வெளியே விடுவான்.

ஹார்மோனிகாவின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு ரீடுகள் உண்டு. ஒன்று ஊதினால் அதிரும், இன்னொன்று இழுத்தால் அதிரும். பத்து ஓட்டை, இருபது ஸ்வரம். மாரிசாமி ஆபீஸ் எக்ஸலில் ஒரு அட்டவணை போட்டார். பன்னிரண்டு சுருதிக்கும் பன்னிரண்டு ஹார்மோனிகா, ஒவ்வொன்றுக்கும் இருபது கட்டம். பாட்டிலுள்ள ஸ்வரங்களை மஞ்சள் அடித்தார். பதினொன்றில் மஞ்சள் சிதறிக் கிடந்தது. ஒன்றில் மட்டும் வரிசையாகச் சேர்ந்து நின்றது. அன்று சாயங்காலமே ரூட் 18-இல் உள்ள இசைக்கருவிக் கடையில் அதை வாங்கினார். பிளாஸ்டிக் சட்டம் வைத்தது, தண்ணீரில் உப்பாது.

ஐந்து வாரம் காரிலேயே பழகினார். ராமசுப்ரமணியனுக்கு வாராவாரம் பழைய ஹார்மோனிகாவில் ஊதியதையே அனுப்பினார்.

மே கடைசி சனிக்கிழமை பேஸ்மென்டில் நாற்பது பேர் இருந்தார்கள். பெண்களும் கீழே வந்திருந்தார்கள். பலர் ஃபோனைக் கையில் தயாராக வைத்திருந்தார்கள். ராமசுப்ரமணியன் கிடாரை எடுத்துக்கொண்டு, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், மாரி லைவ்," என்றார். சிரிப்பு எழுந்தது. அவர் G-யில் ஆரம்பித்தார்.

மாரிசாமி நான்கு தாளம் காத்திருந்துவிட்டு வாசித்தார்.

அது சரிந்தது. ஏறியது. தொண்டையில் சிக்கி நின்றது. சின்ன நிஷாதம் அதன் இடத்தில் இருந்தது. இரண்டாவது வரி முடிந்ததும் மூச்சை வெளியே விட்டார், மைக்கில் தொப் என்று கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். யாரோ ஒரு ஃபோனைக் கீழே இறக்கினார். ராமசுப்ரமணியனின் விரல் ஒரு இடத்தில் கம்பி மாறியது, ஆனால் மாரிசாமி நிற்கவில்லை. கலாவதி படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் இரண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் ராமசுப்ரமணியனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டலாமா என்று யோசித்தார்கள்.

"நாட் பேட்," என்றார் அவர். கிடாரை மெதுவாகச் சாய்த்து வைத்தார். "ஆனா மாரி, ஒரு சின்ன ப்ராப்ளம். ஸ்லாட் க்ரிஷுக்குப் போயிடுத்து."

க்ரிஷ் அவருடைய அக்கா மகன், முப்பது வயது, ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்கில் வேலை. பின்வரிசையில் நின்றவன் கையை லேசாகத் தூக்கிக் காட்டினான்.

"எப்ப சார்?"

"போஸ்டர்லாம் அடிச்சாச்சேப்பா."

"போஸ்டர் எப்ப அடிச்சீங்க?"

"மார்ச்ல."

மாரிசாமி கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. உதடு கிழிந்தது மார்ச் கடைசியில்.

"அப்பறம் எதுக்கு சார் வாராவாரம் அனுப்பச் சொன்னீங்க?"

"இதுல என்ன இருக்கு? எல்லாருக்கும் ஒரு என்டர்டெயின்மென்ட்," என்றார் ராமசுப்ரமணியன். "நீயும் கத்துண்டே, இல்லையா? தேங்க்ஸ்னா சொல்லணும்?"

"அவர் சும்மா வெளையாடறார் மாரி. மனசுல வெச்சுக்காதே," என்றாள் பர்வதம். "கலாவதி, கான்சர்ட் அன்னிக்கு நூறு பணியாரம் போதுமான்னு பாரு."

ராமசுப்ரமணியன் கையை நீட்டினார். "அந்த ஹார்ப்பக் குடு. என்னோடது இல்லியே இது? க்ரிஷுக்கும் இந்தப் பாட்டுதான் வரமாட்டேங்கறது. ரெண்டு வாரம்தான் இருக்கு."

மாரிசாமி கொடுத்தார். க்ரிஷ் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாயில் வைத்து, மூச்சைத் திரட்டி ஊதினான். ராமசுப்ரமணியன் G-யில் கிடாரைத் தட்டினார். இரண்டும் ஒன்றோடொன்று மோதின. பர்வதம் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு கட்டைன்னா கேக்கறது?"

ராமசுப்ரமணியன் மூடித் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "C போட்டிருக்கு. பாட்டு G. மாரி, தப்பு ஹார்ப் வாங்கிட்டுக் குருட்டாம்போக்குல வாசிச்சிருக்கே நீ." இப்போது அவருக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. அறைக்கும் திரும்பியது. "வேற ஏதாவது வெச்சிருந்தியா பாக்கெட்ல? எப்படிப் பண்ணே?"

க்ரிஷ் மறுபடி ஊதினான். இன்னும் பலமாக ஊதினான். மாரிசாமி அவன் கன்னங்கள் உப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை போதும். அறையில் நாற்பது பேர் இருந்தார்கள், அந்த ஒரு வார்த்தை யாருக்கும் தெரியாது.

"அத நீங்களே வெச்சுக்கோங்க சார்," என்றார். "ப்ராக்டிஸ் பண்ணா வரும்."

அன்று அவர் நாற்காலிகளை மடக்கவில்லை. கலாவதி தன் பணியாரச் சட்டியையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டாள். மேலே வரும்வரை பேஸ்மென்டிலிருந்து க்ரிஷ் ஊதுவது கேட்டது, பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி நேராக.

கார் ரூட் 18-க்குள் நுழைந்ததும் கலாவதி கேட்டாள். "பார்க்ல எத்தன பேர் வருவாங்க?"

"ஐந்நூறு, அறுநூறு பேர் வருவாங்க."

"அந்த க்ரிஷுகிட்ட சூட்சுமத்தச் சொல்லலியே நீங்க?"

"சொல்லல."

"நல்லது." அவள் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள். நூறு பணியாரத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி பர்வதத்துக்கு மெசேஜ் அனுப்பினாள். பிறகு, "சரி, எனக்காவது சொல்லுங்க. அப்படி என்ன பண்ணீங்க?" என்றாள்.

"அஞ்சு கட்டைப் பாட்டுக்கு ஒரு கட்டை ஹார்மோனிகா எடுக்கணும்," என்றார் மாரிசாமி. "ஊதக் கூடாது, உள்ள இழுக்கணும். ரெண்டாவது ஓட்டைல இழுத்தா அதுதான் ஸா. அஞ்சாவதுல இழுத்தா சின்ன நி. இழுக்கும்போது நாக்கப் பின்னால வாங்கினா ஸ்வரம் சரியும். மூச்சு முட்டிச்சுன்னா வெளிய விட்டுக்கலாம்."